ஷூமனில் ஏறி நேட்டோவில் இறங்குகிறவர்கள்

2019-ல் எட்டு மாதம் பிரஸ்ஸல்ஸில் இருந்தேன். ஆபீஸ் விமான நிலையத்துப் பக்கம், தங்கியிருந்த அறை ஷூமன் ரவுண்டானாவிலிருந்து பத்து நிமிட நடை. தினமும் 12-ஆம் நம்பர் பஸ். ஏர்போர்ட் பஸ் என்பதால் பாதி இடத்தைப் பெட்டிகளே பிடித்துக்கொண்டிருக்கும், மிச்ச இடத்தில் கோட்டு சூட்டுப் போட்டவர்களும், என்னைப் போல ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டவர்களும். ஏறுகிற இடத்தைச் சுற்றி முழுக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடங்கள். கால் மணி, இருபது நிமிடம் கழித்து பஸ் ஒரு ஸ்டாப்பில் நிற்கும், அந்த ஸ்டாப்பின் பெயரே நேட்டோ, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணி. வரிசையாகக் கொடிக்கம்பங்கள், பின்னால் இரண்டு கை விரல்களைக் கோத்து வைத்ததுபோல ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம். முந்தின வருடம்தான் அதில் குடிபுகுந்திருந்தார்கள்.

ஒரு நாள் காலை ஷூமனில் ஏறிய ஒரு அம்மா, கழுத்தில் நீல நாடாவில் தொங்கிக்கொண்டிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவை விரலில் சுற்றி, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். நேட்டோ ஸ்டாப்பில் இறங்கி கேட்டைப் பார்த்து நடந்தார். அவ்வளவுதான் சம்பவம். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் ஆபீஸ் கேண்டீனில் கூட வேலை செய்த சைப்ரஸ்காரர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருந்தார், "இந்த ரெண்டு அமைப்பும் முறைப்படி உட்கார்ந்து பேசணும்னா போஸ்னியாவைப் பத்தி மட்டும்தான் பேசலாம், தெரியுமா? காரணம் எங்க ஊருதான்." நான் நம்பவில்லை. இரண்டும் ஒரே ஊரில், ஒரே பஸ் தடத்தில் இருக்கின்றன, உறுப்பு நாடுகளும் பெரும்பாலும் அதே நாடுகள், அப்புறம் என்ன பேச முடியாது? அந்த அம்மா அட்டையைப் பைக்குள் போட்டதைப் பார்த்ததும் அது ஞாபகத்துக்கு வந்துவிட்டது, அன்று சாயந்தரமே படிக்க உட்கார்ந்தேன். மனிதர் சொன்னது உண்மைதான்.

கணக்கு இப்படி. ஒன்றியத்தில் இன்றைக்கு 27 நாடுகள், நேட்டோவில் 32. இரண்டிலும் இருப்பவை 23. 2023 ஏப்ரலில் பின்லாந்தும் 2024 மார்ச்சில் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்த பிறகு வந்த எண்ணிக்கை இது. ஒன்றியத்தில் இருந்தும் நேட்டோவில் இல்லாதவை ஆஸ்திரியா, அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ். நேட்டோவில் இருந்தும் ஒன்றியத்தில் இல்லாத ஒன்பதில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், நார்வேயோடு துருக்கியும் உண்டு. முதல் பட்டியலில் கடைசியாக வரும் சைப்ரஸையும் இந்தத் துருக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், மொத்தக் கதையும் அங்கேதான் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது.

அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை. ஐரோப்பாவுக்கென்று சொந்தப் படை வேண்டும் என்கிற ஆசை புதிதல்ல. 1952-லேயே ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகம் என்று ஒப்பந்தம் போட்டார்கள், 1954 ஆகஸ்டில் பிரெஞ்சு நாடாளுமன்றமே அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. அதன்பின் நாற்பது வருடத்துக்கும் மேலாக, பாதுகாப்பு என்றால் நேட்டோ, சந்தை என்றால் ஒன்றியம் என்று வேலை பிரிந்தே கிடந்தது. யூகோஸ்லாவியா சிதறியபோதுதான் வலித்தது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்து எரிகிறது, கையில் ஒரு வாளி கிடையாது. 1998 டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரும் பிரெஞ்சு அதிபர் ஜாக் சிராக்கும் பிரான்ஸின் செயின்ட் மாலோ நகரத்தில் உட்கார்ந்து, ஒன்றியத்துக்கென்று ராணுவத் திறன் இருக்க வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அதுவரை இந்தப் பேச்சை எடுத்தாலே முறைத்துக்கொண்டிருந்தது பிரிட்டன்.

அமெரிக்காவுக்கு உடனே வயிற்றில் புளி கரைத்தது. கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தன் தனி அடுப்பு வைக்கப்போகிறேன் என்றால் பெரியவர்களுக்கு வருமே, அந்த மாதிரி. அப்போதைய வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் மூன்று நிபந்தனை வைத்தார்: நேட்டோவிலிருந்து பிய்த்துக்கொண்டு போகக்கூடாது, நேட்டோ செய்வதையே இன்னொரு தடவை செய்யக்கூடாது, நேட்டோவில் இருந்தும் ஒன்றியத்தில் இல்லாத நாடுகளை ஒதுக்கி வைக்கக்கூடாது. முதல் இரண்டைப் பற்றித்தான் எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். உண்மையில் வினை மூன்றாவதில் இருந்தது, அது துருக்கியை மனதில் வைத்துச் சொன்னது.

சரி, நேட்டோ பொதுச்செயலாளராக இருந்த ஹாவியர் சொலானா 1999-ல் அந்த நாற்காலியை விட்டு எழுந்து நேராக ஒன்றியத்தின் வெளியுறவுப் பிரதிநிதி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பத்து வருடம் அங்கேயே இருந்தார். இரண்டு வீட்டுக்கும் சாவி வைத்திருந்த மனிதர். அந்தக் காலத்தில் பேச்சுவார்த்தை வேகமாக நடந்ததில் ஆச்சரியமில்லை. 2003 மார்ச்சில் 'பெர்லின் பிளஸ்' ஏற்பாடு முடிவானது. பெயரைப் பார்த்து பெர்லினில் கையெழுத்தானது என்று நினைக்க வேண்டாம், 1996-ல் பெர்லினில் நடந்த நேட்டோ அமைச்சர்கள் கூட்டத்தின் ஞாபகமாக வந்த பெயர். சாரம் எளிமையானது: நேட்டோ தானாகத் தலையிடாத இடத்தில் ஒன்றியம் களமிறங்க நினைத்தால், நேட்டோவின் திட்டமிடல் பிரிவையும் கட்டளை அமைப்பையும் கடன் வாங்கிக்கொள்ளலாம். புதிதாக ஒரு தலைமையகம் கட்ட வேண்டாம்.

இந்த ஏற்பாட்டில் இதுவரை இரண்டே இரண்டு நடவடிக்கைகள். முதலாவது 2003-ல் மாசிடோனியாவில், சில நூறு பேரோடு, சில மாதங்களில் முடிந்துவிட்டது. இரண்டாவது போஸ்னியாவில் 'ஆல்தியா', 2004 டிசம்பர் 2-ஆம் தேதி நேட்டோ படையிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டது. சுமார் 7,000 வீரர்கள். அவர்களில் பலர் ஏற்கனவே அங்கே நேட்டோவுக்காக நின்றுகொண்டிருந்த அதே ஆட்கள்தான். அதே கூடாரம், அதே ஜீப், சட்டைக் கையில் தைத்திருந்த சின்னம் மட்டும் மாறியது. சரயேவோ பக்கத்து புட்மீர் முகாமில் இன்றைக்கும் ஒன்றியப் படையும் நேட்டோவின் சிறிய அலுவலகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

ஆல்தியாவில் எனக்கு ரொம்பப் பிடித்த துணுக்கு ஒன்று உண்டு. ஏற்பாட்டின்படி அதன் தளபதி, நேட்டோ ஐரோப்பியத் தலைமைத் தளபதிக்கு அடுத்த நிலையில் இருக்கும் துணைத் தளபதி. அந்தப் பதவியில் அப்போது இருந்தது பிரிட்டிஷ்காரர். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறப் போகிறது, வெளியாளை ஒன்றியப் படைக்குத் தளபதியாக எப்படி வைப்பது? நான் அந்த ஊரில் இருந்த அதே 2019-ல், சத்தமில்லாமல், பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரத்து நேட்டோ தலைமையகத்திலேயே இருந்த ஒரு பிரெஞ்சு ஜெனரல் கைக்கு அந்தப் பொறுப்பு போனது. ஒரே கட்டடத்துக்குள் கோப்பு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போன மாதிரி.

இரண்டோடு ஏன் நின்றது? 2004 ஏப்ரல் 24 அன்று சைப்ரஸில் இரண்டு பக்கமும் ஒரே நாளில் வாக்கெடுப்பு. 1974-ல் துருக்கிப் படை இறங்கியதிலிருந்து பிளந்து கிடக்கும் தீவை ஒன்றாக்க ஐ.நா. போட்ட திட்டம். வடக்கே துருக்கிய சைப்ரஸ்காரர்களில் 65 சதவீதம் பேர் சரி என்றார்கள், தெற்கே கிரேக்க சைப்ரஸ்காரர்களில் 76 சதவீதம் பேர் முடியாது என்றார்கள். ஒரு வாரம் கழித்து, மே 1-ஆம் தேதி, சைப்ரஸ் ஒன்றியத்தில் உறுப்பினராகிவிட்டது. துருக்கி அந்த அரசையே அங்கீகரிக்கவில்லை. இந்தப் பக்கம், நேட்டோ உறுப்பினராகவோ நேட்டோவோடு கூட்டாளி உறவு வைத்திருக்கிற நாடாகவோ இருந்தால்தான் பெர்லின் பிளஸில் கலந்துகொள்ளலாம், ரகசிய ஆவணங்களைப் பார்க்கலாம் என்பது விதி. சைப்ரஸ் இரண்டும் இல்லை. கூட்டாளியாகச் சேரலாம் என்றால் அதற்கு நேட்டோவில் எல்லோரும் தலையாட்ட வேண்டும், துருக்கி ஆட்டாது.

சைப்ரஸ் மட்டும் சும்மா இருக்குமா? ஒன்றியத்திலும் இந்த மாதிரி விஷயத்துக்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஐரோப்பியப் பாதுகாப்பு முகமையோடு துருக்கி வைத்துக்கொள்ள நினைத்த உறவை சைப்ரஸ் தடுத்துவிட்டது. நீ இந்த வாசலை அடைத்தால் நான் அந்த வாசலை அடைக்கிறேன். இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை, இரண்டு பக்கமும் வீட்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள். விளைவு மட்டும் தெளிவு. நேட்டோ தூதர்களும் ஒன்றியத்தின் பாதுகாப்புக் குழுத் தூதர்களும் முறையான கூட்டம் போட்டால், நிகழ்ச்சி நிரலில் ஆல்தியா மட்டும்தான் இருக்கலாம். மற்றதெல்லாம் 'முறைசாராச் சந்திப்பு', இல்லையென்றால் வெளியுறவு அமைச்சர்களின் இரவு விருந்து. சூப்புக்கும் மீனுக்கும் நடுவில் ஆப்கானிஸ்தான்.

ஆப்கானிஸ்தான் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. 2007-ல் ஒன்றியம் அங்கே போலீஸ் பயிற்சிக் குழு ஒன்றை அனுப்பியது. ஐரோப்பியப் போலீஸ்காரர்கள், ஆப்கன் போலீஸுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள். நாடு முழுக்க நின்றது நேட்டோ தலைமையிலான படை. அடிபட்டால் தூக்கிக்கொண்டு போக ஹெலிகாப்டர், வெளியே போகும்போது பாதுகாப்பு, எல்லாம் அவர்களிடம். இரண்டு அமைப்புகளும் ஒரே ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தால் முடிந்தது, ஆனால் போட முடியவில்லை, தடை பிரஸ்ஸல்ஸில். அதனால் ஒவ்வொரு மாகாணத்திலும் எந்த நாட்டுப் படை இருக்கிறதோ அந்த நாட்டோடு தனித்தனியாகப் பேசி, எங்கள் ஆட்களையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. உத்தரவு இல்லாமல் தெரிந்தவர் மூலமாகக் காரியம் நடத்துவது நமக்குப் பழக்கம்தான், ரேஷன் கார்டுக்குச் செய்வோம். போர்க்களத்தில் உயிருக்கு அதைச் செய்யச் சொல்வது வேறு.

கடலில் இது கொஞ்சம் நன்றாகவே நடந்தது. ஏடன் வளைகுடாவில் சோமாலியக் கொள்ளையர் தொல்லை முற்றியபோது, 2008 டிசம்பரில் ஒன்றியம் 'அட்டலாண்டா' நடவடிக்கையைத் தொடங்கியது, 2009-ல் நேட்டோ தன் பங்குக்கு 'ஓஷன் ஷீல்ட்' என்று ஒன்றை. ஒரே கடல், ஒரே கொள்ளையர், இரண்டு கொடிகள். கேலிக்கூத்து என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டுக்கும் அப்போது தலைமையிடம் லண்டனுக்கு வடமேற்கே நார்த்வுட் என்கிற ஒரே ராணுவ வளாகம். அதிகாரிகள் நடந்துபோய்ப் பேசிக்கொள்ளலாம். கடலில் 'மெர்க்குரி' என்று ஒரு இணைய அரட்டைத் தளம், அதில் ரகசியம் எதுவும் கிடையாது என்பதால் எல்லா நாட்டுக் கப்பலும் உள்ளே வரலாம், எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, யாரைக் கொள்ளையர் படகு துரத்துகிறது என்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். பஹ்ரைனில் கூட்டம் நடக்கும், அதில் இந்தியக் கடற்படையும் சீனக் கடற்படையும்கூட வந்து உட்கார்ந்தன. ரகசிய ஆவணம் கொடுக்கக்கூடாது என்கிற விதியை, ரகசியமே இல்லாத ஒரு அரட்டை அறையை வைத்துச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிடிபட்டவர்களை என்ன செய்வது என்பதிலும் ஒன்றியம் கென்யாவோடும் செஷல்ஸோடும் ஒப்பந்தம் போட்டு, வழக்கு நடத்த ஒப்படைக்க முடிந்தது. நேட்டோவுக்கு அந்த மாதிரி ஒப்பந்தம் இல்லை. அது ராணுவக் கூட்டணி, நீதிமன்ற விவகாரம் அதன் கையில் இல்லை.

இது எனக்கு வெறும் செய்தி அல்ல. சித்தப்பா மகன் சரக்குக் கப்பலில் இருந்தான். 2011-ல் அந்த வளைகுடாவைத் தாண்டும்போதெல்லாம் சித்தி சரியாகச் சாப்பிடமாட்டார். 2010-ல் பிடிபட்ட 'அஸ்ஃபால்ட் வென்ச்சர்' கப்பலின் இந்திய மாலுமிகளில் ஏழு பேரை, பணம் கொடுத்த பிறகும் விடாமல் வைத்திருந்து 2014 அக்டோபரில்தான் விட்டார்கள். தம்பி சொல்வான், "ரேடியோவுல வார்ஷிப் குரல் கேட்டா போதும்ணே, எந்தக் கொடின்னு யாரு பாத்தா."

இனி இரண்டு அமைப்பும் சேர்ந்து விட்ட கூட்டறிக்கைகள். 2016 ஜூலையில் வார்சாவில் முதலாவது, பிரெக்சிட் வாக்கெடுப்பு முடிந்து இரண்டே வாரத்தில். பிறகு 2018-ல் ஒன்று, 2023 ஜனவரியில் ஒன்று. முதல் அறிக்கையைத் தொடர்ந்து 42 யோசனைகள், மறுவருடம் இன்னும் 32, ஆக மொத்தம் 74. ஹெல்சிங்கியில் பொய்ப் பிரச்சாரம், இணையத் தாக்குதல் போன்ற கலப்பு அச்சுறுத்தல்களை ஆராய ஒரு மையம் தொடங்கினார்கள், இரு தரப்பும் கலந்துகொள்கிறார்கள், அது உருப்படியான வேலை. மற்றபடி அந்த அறிக்கைகளில் 'வலுப்படுத்துவோம்', 'ஆழப்படுத்துவோம்' என்கிற வார்த்தைகளை எடுத்துவிட்டால் எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு ராத்திரி எண்ணிப் பார்த்தேன். வேண்டாம், விடுங்கள்.

உருப்படியானது எது என்றால், லாரி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் கிழக்கு ஜெர்மனியின் பவுட்சன் ஊர் பக்கத்து நெடுஞ்சாலையில், அமெரிக்க ராணுவத்தின் பீரங்கி வண்டிகளை ஏற்றிக்கொண்டு வந்த போலந்து லாரிகளை ஜெர்மன் போலீஸ் ஓரங்கட்டியது. எடை அதிகம், அகலம் அதிகம், காகிதம் சரியில்லை, டிரைவர்கள் போதிய ஓய்வு எடுக்கவில்லை. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, போலீஸ்காரர் தன் வேலையைத்தான் செய்தார். மூன்று பேருமே நேட்டோ நாட்டுக்காரர்கள். திருச்சி டோல்கேட்டில் ஓவர்லோடு மணல் லாரியை நிறுத்துகிற காட்சிக்கும் இதற்கும் சரக்கு ஒன்றுதான் வித்தியாசம்.

இங்கேதான் எனக்கு இந்த இரண்டு அமைப்பும் ஒன்றுக்கொன்று எதற்குத் தேவை என்று உறைத்தது. டாங்க் எத்தனை டன், எந்த வழியாக எத்தனை நாளில் லிதுவேனியாவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது நேட்டோவுக்குத் தெரியும். ஆனால் சுங்கப் படிவத்தில் ஒரு வரியை மாற்ற நேட்டோவுக்கு அதிகாரம் கிடையாது, ஒரு பாலத்தைக் கெட்டிப்படுத்தப் பணமும் கிடையாது. இரண்டும் ஒன்றியத்திடம் இருக்கின்றன. 2021 முதல் 2027 வரைக்கான பட்ஜெட்டில் ராணுவமும் பொதுமக்களும் சேர்ந்து பயன்படுத்தும் சாலை, ரயில், பாலங்களுக்குச் சுமார் 170 கோடி யூரோ ஒதுக்கினார்கள். நெதர்லாந்து முன்னின்று நடத்தும் 'ராணுவ நகர்வு' திட்டத்தில் 2021-ல் அமெரிக்கா, கனடா, நார்வே மூன்றும் சேர்ந்துகொண்டன. பால்டிக் நாடுகளில் ரயில் பாதை இன்னும் ரஷ்ய அகலம், 1,520 மில்லிமீட்டர். போலந்திலிருந்து வரும் ரயில் 1,435. மீட்டர் கேஜிலிருந்து இறங்கி மூட்டை முடிச்சோடு அகலப்பாதை ரயிலுக்கு மாறிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மூட்டைக்குப் பதில் கவச வண்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் 870 கிலோமீட்டருக்கு ரயில் பால்டிகா என்று புதுப்பாதை போடுகிறார்கள்.

காகித விஷயத்தில் மட்டும் பழைய குணம் போகவில்லை. ராணுவச் சரக்கு எல்லை தாண்ட நேட்டோ படிவம் 302 என்று ஒன்று பல காலமாக இருக்கிறது. ஒன்றியம் தன் நடவடிக்கைகளுக்கென்று ஒரு படிவம் கொண்டுவந்தது. அதன் பெயர் ஒன்றியப் படிவம் 302. சத்தியமாக.

எல்லை தாண்டும் அனுமதிக்கு ஒரு நாடு இன்னும் 45 நாள் முன்னதாகச் சொல்லச் சொல்கிறது என்று ஒன்றியத்தின் தணிக்கையாளர்களே 2025-ல் எழுதினார்கள். அந்த வருட நவம்பரில் ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணையம் சாதாரண நாளில் மூன்று நாள், அவசரத்தில் ஆறு மணி நேரம் என்று குறைக்க யோசனை வைத்தது. ஹேக் மாநாட்டில் நேட்டோ நாடுகள் 2035-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிடுவதாக ஒத்துக்கொண்டதில் 1.5 சதவீதம் இந்த மாதிரி பாலம், சாலை, இணையப் பாதுகாப்பு வகையறாவுக்கு. நேட்டோ இலக்கு வைக்கிறது, ஒன்றியம் கல்லும் சிமென்டும் போடுகிறது. எந்தக் கூட்டறிக்கையையும்விட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பழைய முடிச்சு அவிழ்ந்துவிட்டதா என்றால் இல்லை, இப்போது பணத்தில் விழுந்திருக்கிறது. 2025 மே மாதம் ஒன்றியம் ஆயுதக் கொள்முதலுக்காக 15,000 கோடி யூரோ கடன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நேட்டோவிலேயே பெரிய படைகளில் ஒன்றை வைத்திருக்கும், ட்ரோன் செய்து விற்கும் துருக்கிக்கு அதில் நுழைய ஆசை. கிரீஸும் சைப்ரஸும் குறுக்கே நிற்கின்றன. ஏஜியன் கடலில் கிரீஸ் தன் கடல் எல்லையை 12 மைலுக்கு நீட்டினால் போர்தான் என்று துருக்கி நாடாளுமன்றம் 1995-ல் போட்ட தீர்மானத்தை முதலில் வாபஸ் வாங்கு என்கிறது கிரீஸ்.

கேண்டீன் சைப்ரஸ்காரர் இப்போது சைப்ரஸ் தலைநகர் நிகோசியாவுக்கே திரும்பிவிட்டார். போன வாரம் வாட்ஸாப்பில் இதைப் பற்றியெல்லாம் கேட்டேன். பதிலுக்கு அவர் அனுப்பியது ஒரு பெட்ரோல் பங்க் போட்டோ. வடக்குப் பக்கம் புழங்கும் துருக்கி நாணயமான லிராவின் மதிப்பு விழுந்ததிலிருந்து அங்கே பெட்ரோல் விலை குறைவாம், தெற்கிலிருந்து நிறையப் பேர் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சாவடியில் அட்டையைக் காட்டி, டேங்கை நிரப்பி, ஒரு காபியும் குடித்துவிட்டு வீடு திரும்ப முக்கால் மணி நேரம் ஆனதாம்.